தீயணைப்பு பம்பில் பிறந்த மூன்று பட்டங்கள்

போன வாரம் 1969இல் நிறுத்தியிருந்தோம். ஆர்டன் அணியின் 970 சி.சி. மினி கூப்பரில் அலெக் பூல் பிரிட்டிஷ் சலூன் கார் பட்டத்தை வென்றது தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் ‘ஸ்பெஷல் சலூன்’ பந்தயங்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஓர் எஞ்சினின் கதையைச் சொல்லியாக வேண்டும். இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து ஆட்டிய எஞ்சின் அது.

1970, 1971, 1972. மூன்று ஆண்டுகள், ஒரே ஓட்டுநர், ஒரே மாதிரி கார், அதே போட்டியில் மூன்று பட்டங்கள். ஓட்டுநர் பில் மெக்கவர்ன். கார் சன்பீம் இம்ப், 998 சி.சி. தயாரித்து ஓட வைத்தவர் ஜார்ஜ் பெவன். இது தொழிற்சாலை அணி அல்ல, சொந்தப் பொறுப்பில் ஓடிய சிறிய அணி. அந்த ஆண்டுகளில் பிராண்ட்ஸ் ஹேட்சிலோ சில்வர்ஸ்டோனிலோ வேலியோரம் நின்ற ரசிகர் பார்த்தது என்ன? ஃபிராங்க் கார்ட்னரின் 5 லிட்டர் மஸ்டாங், அதன் பிறகு செவ்ரோலெட் கமாரோக்கள். கொடி விழுந்ததும் இந்த அமெரிக்க வண்டிகள் இடிமுழக்கத்தோடு முன்னால் போய்விடும். வெகுதூரம் பின்னால், மினிகளுக்கு நடுவே, மெக்கவர்னின் இம்ப் வளைவுக்குள் நுழையும். முன்பக்கத்து உள்சக்கரம் தரையை விட்டு எழும்பியிருக்கும். ஆண்டுக் கடைசியில் கோப்பை அந்தச் சின்ன வண்டிக்குத்தான் போகும்.

இதற்குக் காரணமான விதியை முதல் வாரத்திலேயே விளக்கிவிட்டேன், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். 1958இல் போட்டி தொடங்கியபோதே கார்கள் எஞ்சின் கொள்ளளவுப்படி பிரிக்கப்பட்டன. மெக்கவர்ன் காலத்தில் 1000 சி.சி. வரை ஒரு பிரிவு, 1300 வரை ஒன்று, 2000 வரை ஒன்று, அதற்கு மேல் ஒன்று. எந்தப் பிரிவில் முதலில் வந்தாலும் புள்ளிகள் ஒன்றுதான். மொத்தப் பந்தயத்தில் நீங்கள் முதலா, பதினைந்தாவதா என்று பட்டியல் கேட்காது. உங்கள் பிரிவில் எத்தனையாவது என்று மட்டுமே கேட்கும்.

எல்லாச் சின்னக் கார்களும் இப்படி மூன்று முறை வென்றுவிடவில்லை. இம்ப் வென்றது. ஏன் இம்ப் என்று தேடிப்போனால் கோவென்ட்ரி நகரத்தில் போய் நிற்கிறோம்.

கோவென்ட்ரி தீயை நன்றாக அறிந்த ஊர். 1940 நவம்பர் 14ஆம் தேதி இரவு ஜெர்மன் விமானங்கள் வீசிய குண்டுகளில் நகரின் நடுப்பகுதி எரிந்தது. பழைய பேராலயம் கூரையை இழந்து வெறும் சுவர்களாக நின்றது, இன்றும் அப்படியே நிற்கிறது. அந்த ஊரில் இருந்த கோவென்ட்ரி கிளைமாக்ஸ் நிறுவனம் தீயணைப்பு பம்புகள் தயாரித்தது. வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் அந்த பம்புகள் போர்க்காலத்தில் ஏராளமாக உழைத்தன. ஆனால் கனமானவை. போர் முடிந்து சில ஆண்டுகளில், 1950 வாக்கில், பிரிட்டிஷ் அரசு புதிய பம்ப் கேட்டது. நிபந்தனை: எடை பாதியாக வேண்டும், இறைக்கும் தண்ணீர் இரண்டு மடங்காக வேண்டும்.

அந்த வேலையை எடுத்துக்கொண்டவர்கள் வால்டர் ஹாசன், ஹாரி மண்டி. ஹாசன் அதற்கு முன் ஜாகுவாரின் புகழ்பெற்ற எக்ஸ்கே எஞ்சினில் வேலை பார்த்தவர். மண்டி பி.ஆர்.எம். பந்தய அணியிலிருந்து வந்தவர். இருவரும் சேர்ந்து 1020 சி.சி. அளவில் நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை வரைந்தார்கள். உடல் முழுக்க அலுமினியக் கலவை, வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட் தலைக்கு மேலே. திறன் 38 குதிரைத்திறன். எடையில் இறகு போல லேசானது என்ற பொருளில் ‘ஃபெதர் வெயிட்’ என்று பெயர் வைத்து, அதைச் சுருக்கி எஃப்.டபிள்யூ. என்று அழைத்தார்கள்.

தீயணைப்பு பம்பின் எஞ்சினுக்கு வாழ்க்கை எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். மாதக்கணக்கில் சும்மா நிற்கும். ஒரு நாள் நடுராத்திரி மணி அடிக்கும். இழுத்துப் போய்க் குளத்தோரம் நிறுத்திக் கிளப்புவார்கள். எஞ்சின் சூடாகும் வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள், வீடு எரிகிறது. குளிர்ந்த நிலையிலிருந்து நேராக முழு வேகம். பிறகு மணிக்கணக்கில் அதே முழு வேகம். இதைத் தாங்க வேண்டுமென்றால் எண்ணெய் எல்லா இடத்துக்கும் உடனே போக வேண்டும். கிராங்க்ஷாஃப்ட் வளைந்து கொடுக்கக் கூடாது. உலோகம் சூட்டில் விரியும்போது எதுவும் பிடித்துக்கொள்ளக் கூடாது. ஆட்கள் தூக்கிப் போகும் அளவுக்கு எடையும் குறைவாக இருக்க வேண்டும். இந்தப் பட்டியலை ஒரு பந்தய எஞ்சின் வரைபவரிடம் கொடுத்தால், தனக்காகவே எழுதியது என்று சொல்லி வாங்கிக்கொள்வார்.

பந்தயக்காரர்கள் அதைக் கண்டுபிடிக்க அதிக நாள் ஆகவில்லை. 1953இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் கிளைமாக்ஸ் தன் பம்பைக் காட்சிக்கு வைத்திருந்தது. நிறுவனத் தலைவர் லியோனார்டு லீயைச் சிறிய பந்தயக் கார் தயாரிப்பாளர்கள் மொய்த்துக்கொண்டார்கள். இதைக் காருக்கு ஏற்றபடி செய்து தாருங்கள் என்பதுதான் அவர்கள் கோரிக்கை. 1954 லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் கீஃப்ட் கார் ஒன்றுக்குள் 1098 சி.சி. எஞ்சினாக அது அறிமுகமானது. லோட்டஸ், கூப்பர் எல்லாம் வரிசையில் வந்தன. அதே குடும்பத்துப் பெயரைச் சுமந்த ஒன்றரை லிட்டர் வி8 எஞ்சின்தான் 1963, 1965 ஆண்டுகளில் ஜிம் கிளார்க்கை உலகச் சாம்பியனாக்கியது. எரியும் வீட்டுக்குத் தண்ணீர் இறைக்கப் பிறந்த ஒரு வம்சம் ஃபார்முலா 1 உச்சிக்குப் போய்ச் சேர பதினைந்து ஆண்டுகூட ஆகவில்லை. மோட்டார் பந்தய வரலாற்றில் இதைவிட அழகான வம்சாவளி எனக்குத் தெரியாது.

இனி இம்ப். சன்பீம், ஹில்மன் கார்களைத் தயாரித்த ரூட்ஸ் குழுமம் மினிக்குப் போட்டியாக ஒரு சிறிய கார் வேண்டுமென்று முடிவெடுத்தபோது, பொறுப்பு இரண்டு இளம் பொறியாளர்கள் கையில் விழுந்தது: மைக்கேல் பார்க்ஸ், டிம் ஃப்ரை. கிளைமாக்ஸ் குடும்பத்தில் படகுக்கென்று தயாரித்த சின்ன எஞ்சின் ஒன்று இருந்தது. அதன் கார் வடிவத்தைப் பெரிதாக்கி 875 சி.சி. ஆக்கி, 45 பாகை சாய்த்து, காரின் பின்பக்கம் வைத்தார்கள்.

இந்த மைக்கேல் பார்க்ஸ் யார் தெரியுமா? ஃபெராரிக்காரர்! இம்ப் வேலை முடிந்ததும் இத்தாலிக்குப் போய் ஃபெராரியில் பொறியாளராகவும் ஓட்டுநராகவும் சேர்ந்தார். 1966இல் ரீம்ஸ் நகரில் நடந்த பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் இரண்டாமிடம், அதே ஆண்டு மொன்சாவில் இத்தாலிய கிராண்ட் பிரீயிலும் இரண்டாமிடம். ஆறடிக்கு மேல் வளர்ந்தவர் என்பதால் அவருக்கென்று ஃபெராரி தன் ஃபார்முலா 1 காரை நீளமாக்கிக் கொடுத்தது. 1967இல் ஸ்பாவில் நடந்த விபத்தில் கால்கள் முறிந்து அவருடைய ஃபார்முலா 1 வாழ்க்கை முடிந்தது. குடும்பங்கள் சந்தைக்குப் போய்வர ஒரு கார் வரைந்தவரும், ஃபெராரியில் கிராண்ட் பிரீ மேடை ஏறியவரும் ஒரே ஆள். இம்ப் ஏன் வளைவுகளில் அப்படி நடந்துகொண்டது என்பதற்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

கார் பிறந்த இடம் ஸ்காட்லாந்தின் லின்வுட். 1963 மே மாதம் அங்கே தொழிற்சாலை திறக்கப்பட்டது. எஞ்சின் வார்ப்புகளை லின்வுட்டில் வார்த்து, 300 மைல் தெற்கே கோவென்ட்ரிப் பக்கம் அனுப்பிக் கடைந்து, மறுபடியும் 300 மைல் வடக்கே அனுப்பிக் காரில் பொருத்தினார்கள். இப்படி ஓர் ஏற்பாட்டில் லாபம் எங்கிருந்து வரும்? ஆரம்ப கால இம்ப்களில் தண்ணீர் பம்ப் ஒழுகியது, காற்றழுத்தத்தில் இயங்கிய ஆக்சிலரேட்டர் அமைப்பு தகராறு செய்தது. வாங்கியவர்கள் பொறுமையிழந்தார்கள். மினி எட்டிய விற்பனையை இம்ப் எட்டவேயில்லை. 1976இல் தயாரிப்பு நின்றது.

ஆனால் எஞ்சின் நல்ல எஞ்சின். பந்தயக்காரர்கள் அதை விடவில்லை.

பந்தயத்துக்குத் தயாராகும் இம்ப் ஒன்றின் பின்மூடியைத் திறந்து பார்ப்போம். சாய்ந்து படுத்திருக்கும் அலுமினியக் கட்டை. பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் வெறும் 60.4 மி.மீ.; சிலிண்டரின் அகலம் 68 மி.மீ. அகலம் அதிகம், ஓட்டம் குறைவு. இந்த விகிதத்தில் அமைந்த எஞ்சின் வேகமாகச் சுழல அஞ்சாது. இப்போது அந்த 68-ஐ 72.5 ஆக்க வேண்டும். அப்படியே கடைந்தால் சுவர் மெலிந்துவிடும். ஆகவே பழைய சுவரை எடுத்துவிட்டு, தண்ணீர் நேராகத் தொடும்படி புதிய லைனர்களை இறக்குவார்கள். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 998 சி.சி. வரும். ஆயிரத்துக்கு இரண்டு குறைவு, பிரிவின் எல்லைக் கோட்டை ஒட்டி நிற்கும் அளவு. பிறகு பெரிய கார்புரேட்டர்கள், கூர்மையான கேம்ஷாஃப்ட். பலர் பின்பக்க ரேடியேட்டரைக் கழற்றி முன்பக்கம் கொண்டுபோனார்கள். வீட்டுக்கு வரும்போது 39 குதிரைத்திறன் கொடுத்த எஞ்சின், இந்தக் கைகளில் 100-ஐத் தாண்டியது. 38 கொடுத்த அந்த பம்ப் எஞ்சினை நினைத்துக்கொள்ளுங்கள்.

‘மாற்றியமைத்த சலூன்’ என்று இந்தத் தொடரில் திரும்பத் திரும்ப எழுதுகிறேனே, அதன் உள்ளடக்கம் இதுதான். 1970இல் போட்டி சர்வதேச குரூப் 2 விதிக்கு மாறியிருந்தது. அந்த மாதிரியில் ஆண்டுக்கு ஆயிரம் கார்களாவது தயாரித்திருக்க வேண்டும். அதன் மேல் அனுமதிக்கப்பட்ட மாற்றங்களைச் செய்துகொள்ளலாம். அதற்கு முந்தைய குரூப் 5 காலத்தோடு ஒப்பிட்டால் கொஞ்சம் கடிவாளம் போட்ட விதி.

பிரிவுக்குப் பிரிவு ஒரே புள்ளி என்பதை அந்தக் காலத்திலேயே பலர் எதிர்த்தார்கள். அவர்கள் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. டிக்கெட் வாங்கி வந்தவர் முன்னால் ஓடும் கமாரோவுக்குக் கைதட்டுகிறார். பட்டம் யாருக்கு என்பதைக் கையில் பட்டியல் இல்லாமல் அவரால் சொல்ல முடியாது. ஒரு பிரிவில் போட்டி பலமாகவும் இன்னொன்றில் தளர்வாகவும் இருந்தால், தளர்ந்த பிரிவில் ஓடுபவர் சுலபமாகப் புள்ளி சேர்ப்பார் என்பதும் உண்மை. 1000 சி.சி. பிரிவை அப்படித் தளர்ந்த பிரிவு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த அளவுக்குள் ஓடிய மினிகள் 1961, 1962, 1969 ஆண்டுகளின் பட்டங்களையே வென்றவை. அவற்றைப் பருவம் முழுக்க, மூன்று பருவம் தொடர்ந்து, தாண்ட வேண்டும். பெரிய எஞ்சின் ஓட்டுநரின் ஒரு பிழையை அடுத்த நேர்பாதையில் மன்னித்துவிடும். 998 சி.சி. மன்னிக்காது, வளைவில் இழந்த வேகத்தைத் திரும்பச் சேர்க்க அரை சுற்று ஆகும். அந்தக் காரில் மூன்றாண்டு பிழையில்லாமல் ஓட்டியவரை நான் முழுச் சாம்பியன் என்றே எழுதுவேன். பிரிவு முறை இல்லாவிட்டால் பெவனைப் போன்றவர்கள் இந்தப் போட்டிக்கே வந்திருக்க முடியாது. கமாரோ வாங்கப் பணம் உள்ளவர்கள் நாலைந்து பேர் தங்களுக்குள் ஓடியிருப்பார்கள்.

1973இல் ஃபிராங்க் கார்ட்னர் கமாரோவிலேயே பட்டத்தை வென்றார். அடுத்த ஆண்டு விதி மாறியது. செலவைக் குறைக்க, ஏறக்குறைய கடையில் வாங்கிய நிலையிலேயே கார்கள் ஓட வேண்டும் என்ற குரூப் 1 வந்தது. 1974 பட்டம் ஹில்மன் அவெஞ்சர் ஓட்டிய பெர்னார்டு யூனெட்டுக்கு. அவரும் ரூட்ஸ் பொறியாளராக இருந்து இம்ப் ஓட்டிப் பழகியவர்தான். இந்தக் குடும்பம் சுலபத்தில் விட்டுப் போகிற குடும்பம் இல்லை.

லைனர் மாற்றி, கேம்ஷாஃப்ட் மாற்றிக் கூர்தீட்டி வைத்த கார்களுக்கு குரூப் 1இல் இடமில்லை. அவை கிளப் பந்தயங்களுக்குப் போயின. அங்கே ‘ஸ்பெஷல் சலூன்’ என்ற விதி காத்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் இன்ன கார் என்று தெரிய வேண்டும், உள்ளே பெரும்பாலும் உங்கள் விருப்பம். இந்த விதியின் கீழ் பில் பிளைடன்ஸ்டைன் அணி 1974இல் ஒரு வாக்ஸால் வென்டோராவுக்குள் 5 லிட்டர் ரெப்கோ-ஹோல்டன் வி8 எஞ்சினை இறக்கியது. பெயர் ‘பிக் பெர்த்தா’. ஓட்டியவர் ஜெர்ரி மார்ஷல், பருத்த உடம்பும் பக்கவாட்டில் சறுக்கியபடியே வளைவைக் கடக்கும் பழக்கமும் உள்ள மனிதர். முதல் ஆண்டிலேயே சில்வர்ஸ்டோனில் அந்தக் கார் மோதி நொறுங்கியது. மிஞ்சிய பாகங்களை எடுத்து ஃபிரென்ஸா உடலுக்குள் பொருத்தி ‘பேபி பெர்த்தா’ செய்தார்கள். 1975, 1976 சூப்பர் சலூன் பட்டங்கள் இரண்டும் அதற்கே. இந்த வாரத்துக்கென்று வாக்குக் கொடுத்தது பெர்த்தாக்களின் கதையைத்தான். அடுத்த வாரம் முதல் வரியிலேயே தொடங்குகிறேன்.

(தொடரும்)