நின்றுபோன குளிர்பானங்களும் நீங்காத சுவையும்

குளிர்பானத்தில் ஏறக்குறைய 90 விழுக்காடு தண்ணீர். மீதியில் பெரும்பகுதி சர்க்கரை. 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் இருப்பது சாதாரணம். கோலாவுக்குப் புளிப்பைத் தருவது பாஸ்பாரிக் அமிலம். ஆரஞ்சு, எலுமிச்சை பானங்களுக்கு சிட்ரிக் அமிலம். கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு நாக்கில் சுரீரென்ற உணர்வை உண்டாக்குகிறது. வாசனைப் பொருள்கள் அளவில் மிகச் சொற்பம் என்றாலும் ஒரு பானத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுபவை அவையே.

பன்னாட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் இந்த வாசனைச் செறிவை மட்டுமே தயாரித்து நாடுகளுக்கு அனுப்புகின்றன. தண்ணீர், சர்க்கரை, வாயு மூன்றையும் சேர்த்துப் பாட்டிலில் அடைப்பது உள்ளூர் ஆலை. எந்த இனிப்பு அங்கே மலிவு, எந்தச் சேர்மானத்துக்குச் சட்டம் இடம் தருகிறது, சர்க்கரைக்கு எவ்வளவு வரி என்பவை நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், ஒரே பெயருள்ள பானத்தின் சுவையும் வேறுபடுகிறது.

முதல் வேறுபாடு இனிப்பில். அமெரிக்காவில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் சர்க்கரை விலை உயர்ந்திருந்தது; மக்காச்சோளமோ மலிவாகக் கிடைத்தது. அதனால் 1980இல் கோகோ கோலா தன் இனிப்பில் பாதிவரை சோளப்பாகு சேர்க்க ஆலைகளுக்கு அனுமதி தந்தது. 1984இல் முழுமைக்கும் தந்தது. மெக்சிகோவில் கரும்புச் சர்க்கரையால் செய்து கண்ணாடிப் பாட்டிலில் அடைத்த கோலாவை அமெரிக்கர் பலர் இன்றும் கூடுதல் விலை கொடுத்து வாங்குகின்றனர். பழைய சுவை அதில்தான் இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை.

வேதியியல் கணக்கில் இந்த வேறுபாடு எதிர்பார்ப்பதைவிடச் சிறியது. கரும்புச் சர்க்கரையின் ஒவ்வொரு மூலக்கூறிலும் ஒரு குளுக்கோஸும் ஒரு பிரக்டோஸும் பிணைந்துள்ளன. கோலாவின் அமிலத்தன்மை கடுமையானது, அதன் பி.எச். அளவு ஏறக்குறைய 2.5. அந்தப் புளிப்பில் பிணைப்பு மெல்ல மெல்ல உடைந்து, கடைக்கு வந்து சில மாதங்களில் சர்க்கரையின் பெரும்பகுதி இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. சோளப்பாகின் இனிப்பில் சுமார் 55 விழுக்காடு பிரக்டோஸ். எஞ்சியதில் பெரும்பகுதி குளுக்கோஸ். நாள்பட்ட பாட்டில்களில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகின்றன. சுவை மாற்றத்தில் பாட்டிலுக்கும் பங்கு உண்டு. கண்ணாடி வாயுவைக் கசியவிடாது. பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து வாயு சிறுகச் சிறுக வெளியேறுவதால் சுரீரென்ற உணர்வு மங்குகிறது.

வரி ஒரு பானத்தை எப்படி மாற்றும் என்பதற்கு ஸ்காட்லாந்தின் ஐர்ன்-புரு சான்று. 1901 முதல் விற்பனையில் உள்ள இந்த ஆரஞ்சு நிற பானம் அங்கே தேசிய அடையாளமாகவே கருதப்படுகிறது. 2018 ஏப்ரலில் பிரிட்டன் சர்க்கரை வரியைக் கொண்டுவந்தது. 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்குக் குறைவாகச் சர்க்கரை உள்ள பானங்களுக்கு வரி இல்லை. அதற்கு முன்பே, அந்த ஆண்டு ஜனவரியில், ஐர்ன்-புருவின் சர்க்கரை 10.3 கிராமிலிருந்து 4.7 கிராமாகக் குறைக்கப்பட்டு, மீதி இனிப்பு செயற்கை இனிப்பூட்டிகளால் ஈடுகட்டப்பட்டது. பழைய பாட்டில்களை மக்கள் பெட்டி பெட்டியாக வாங்கிச் சேர்த்தனர். அடுத்த ஆண்டு நிறுவனம் முழுச் சர்க்கரையோடு பழைய செய்முறையைத் தனிப் பதிப்பாக வெளியிட்டது.

ஆரஞ்சு பானங்களில் வேறுபாடு இன்னும் ஆழமானது. பான்டா பிறந்தது 1940களின் தொடக்கத்தில், போர்க்கால ஜெர்மனியில். கோலாச் செறிவு வருவது தடைபட்டதால், பாலாடைக்கட்டி செய்தபின் மிஞ்சும் நீரையும் ஆப்பிள் சக்கையையும் கொண்டு அதைத் தயாரித்தனர். இன்று அறியப்படும் ஆரஞ்சு பான்டா 1955இல் இத்தாலியின் நேப்பிள்ஸில் உருவானது. ஆரஞ்சின் பெயரில் விற்கும் பானத்தில் குறைந்தது 12 விழுக்காடு சாறு வேண்டும் என்று இத்தாலியச் சட்டம் பல பத்தாண்டுகளாக வற்புறுத்தியதால், அந்த நாட்டு பான்டாவில் சாறு உண்டு. அமெரிக்க பான்டாவில் சாறே இல்லை.

ஆரஞ்சு வாசனை தரும் தோல் எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. அப்படியே விட்டால் பாட்டிலின் கழுத்தில் வளையமாக மிதக்கும். அதன் எடையைக் கூட்ட முன்பு புரோமின் ஏற்றிய தாவர எண்ணெயைக் கலந்தனர். உடல்நலம் குறித்த ஐயங்களால் இந்தியா 1990இல் அதைத் தடை செய்தது; அமெரிக்கா 2024இல்தான் அனுமதியை விலக்கியது. தடை வந்த நாடுகளில் மரப்பிசினிலிருந்து எடுக்கும் பசை போன்ற மாற்றுகள் வந்தன. பெயர் மாறாமலே உள்ளே இருப்பது மாறிப்போவது இப்படித்தான்.

பெயரும் சேர்ந்து மறைவதற்குப் பெரும்பாலும் வணிகமே காரணம். அந்நிய முதலீட்டுக்கு விதித்த நிபந்தனைகளை ஏற்காமல் கோகோ கோலா 1977இல் இந்தியாவை விட்டு வெளியேறியது. அந்த இடத்தை உள்நாட்டுப் பானங்கள் நிரப்பின: பார்லே நிறுவனத்தின் தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட்; அரசு நிறுவனத்தின் டபுள் செவன்; இவற்றோடு கேம்பா கோலா. 1993இல் கோகோ கோலா திரும்பி வந்து பார்லேயின் பானங்களை விலைக்கு வாங்கியது. தம்ஸ் அப் நிலைத்தது. பான்டாவுக்கு வழிவிட்டு கோல்ட் ஸ்பாட் நிறுத்தப்பட்டது. தமிழ்நாட்டில் கலர் என்று அழைக்கப்பட்ட உள்ளூர்ப் பானங்கள் பலவும் இந்தப் போட்டியில் ஒடுங்கின. விருதுநகரில் 1916இல் தொடங்கிய காளிமார்க்கின் பவண்டோ தாக்குப்பிடித்தது. ஒரு பானம் போகும்போது ஒரு தலைமுறையின் திருவிழாவும் திரையரங்க இடைவேளையும் அவற்றின் சுவையை இழக்கின்றன. இது சிறிய இழப்பு அன்று.

இந்த இழப்பு தரும் ஏக்கத்துக்கு மூளையில் தெளிவான அடிப்படை உண்டு. சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி, விழுங்கும்போது தொண்டையின் பின்வழியாக மூக்கை எட்டும் மணம். மணச் செய்தி, உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலாவையும் நினைவைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸையும் மற்றப் புலன்களைவிட நேரடியாகச் சென்றடைகிறது. மணத்தால் எழும் நினைவுகளில் பெரும்பாலானவை பத்து வயதுக்கு முந்தியவை என்று 2006இல் வெளியான ஸ்வீடன் ஆய்வு காட்டியது. சொல்லும் படமும் தூண்டும் நினைவுகள் அதற்குப் பிந்திய வயதையே சேர்ந்தவை. பெயரின் பங்கும் குறைவானதில்லை. 2004இல் ‘நியூரான்’ இதழில் வெளிவந்த ஆய்வில், குடிப்பது கோக் என்று தெரிந்தபோது ஹிப்போகாம்பஸில் கூடுதல் செயல்பாடு பதிவானது.

1985 ஏப்ரல் 23 அன்று கோகோ கோலா சுவையில் நினைவுக்குள்ள பங்கை மறந்தது. ஏறக்குறைய 2 லட்சம் பேரிடம் சுவைச் சோதனை நடத்தி, அதில் வென்ற இனிப்புக் கூடிய புதிய கோக்கை அறிமுகப்படுத்திப் பழையதை நிறுத்தியது. எதிர்ப்பு வெடித்தது, 79 நாளில் பழைய செய்முறை திரும்பியது. சோதனை பெரிதும் அளந்தது ஒரு மடக்கின் சுவையையே. பழகிய பானத்தை இழக்கும் வலியை அது அளக்கவில்லை.

நின்றுபோன பானங்களுக்கு இப்போது மறுபிறவி வருகிறது. 2003இல் அமெரிக்காவில் நிறுத்தப்பட்ட சர்ஜ், ரசிகர்களின் தொடர் வேண்டுகோளால் 2014இல் திரும்பியது. கேம்பாவை ரிலையன்ஸ் 2022இல் வாங்கி, மறு ஆண்டு சந்தைக்குக் கொண்டுவந்தது. ஆனால் பெயர் திரும்பினாலும் செய்முறை முழுதாகத் திரும்புவது அரிது. சில சேர்மானங்கள் தடைபட்டிருக்கும், கண்ணாடி பிளாஸ்டிக்காகியிருக்கும். செய்முறை அணுவளவும் மாறாவிட்டாலும் குடிப்பவர் மாறியிருப்பார்: குழந்தைகள் பெரியவர்களைவிடக் கூடுதல் இனிப்பை விரும்புகின்றனர், பதின்பருவத்தில் அந்த விருப்பம் குறைகிறது. பத்து வயதில் சரியாக இருந்த அதே இனிப்பு ஐம்பது வயதில் திகட்டலாம். பழைய பானத்தைத் தேடுபவருக்கு இதனால் ஏமாற்றம் நேர்ந்தால், அது நினைவின் பிழையாகாது. அந்த நாளில் அந்தச் சுவை அப்படித்தான் இருந்தது.