வீட்டில் கட்டும் ஃபைபர் படகு: வெயிலும் ஈரமும் வைக்கும் சோதனை

தெலுக் பஹாங், பத்து மாவுங், தெலுக் கும்பார் கரைகளில் கட்டிக் கிடக்கும் சிறு படகுகளில் பல இன்று மரத்தால் ஆனவை அல்ல. கண்ணாடி இழையால் ஆனவை. நாம் சுருக்கமாக 'ஃபைபர் போட்' என்கிறோம். மரப் படகுக்கு நல்ல செங்கால் மரம் வேண்டும், கைதேர்ந்த தச்சர் வேண்டும். ஃபைபருக்கு ஒரு கூரையும் சில வாளிகளும் தூரிகையும் போதும் என்று எண்ணி, வீட்டுக் கொல்லையிலேயே வேலையைத் தொடங்குகிறவர்கள் உண்டு.

அந்த எண்ணம் பாதிதான் சரி. பலகையின் வலிமையை மரம் பல பத்தாண்டுகள் வளர்ந்து நமக்குத் தருகிறது. ஃபைபரின் வலிமையை, வாளியில் கலவை சேர்த்த அடுத்த 20 நிமிடங்களில் நாமே உண்டாக்குகிறோம். அங்கே நடப்பது வேதிவினை. பினாங்கின் வெயிலும் ஈரக் காற்றும் அதில் நேராகத் தலையிடுகின்றன. இதைப் புரிந்துகொண்டவர் கட்டிய படகு 20, 30 ஆண்டுகள் ஓடும். புரியாமல் கட்டியது வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே பலவீனமாக இருக்கும்.

இழையும் பசையும்

களிமண் சுவரில் வைக்கோலைப் பிசைந்து சேர்ப்பது நம் முன்னோர் அறிந்த முறை. மண் வடிவத்தைத் தாங்கும். வைக்கோல் விரிசல் விடாமல் பிடிக்கும். ஃபைபர் படகும் அதே கொள்கைதான். மிக மெல்லிய கண்ணாடி இழை இழுவிசையை நன்றாகத் தாங்கும், ஆனால் துணிபோல வளையும். ரெசின் என்னும் பசை கெட்டியானது, ஆனால் தனியாக இருந்தால் எளிதில் உடையும். இரண்டும் ஒட்டியிருக்கும்வரைதான் வலிமை. இழையை ரெசின் முழுதாக நனைக்காத இடம் ஒவ்வொன்றும் ஒரு பலவீனம்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ரே கிரீன் என்பவர் 1942-இல் இம்முறையில் சிறு பாய்மரப் படகு செய்தார். இத்துறையின் முன்னோடிகளில் அவர் ஒருவர்.

பட்டறைகளில் இதற்கென்று நிலையான அச்சு இருக்கும். ஒரே ஒரு படகுக்காக அப்படி அச்சு செய்வது கட்டுப்படியாகாது. ஆகவே வீட்டில் கட்டுபவர்கள் பளபளப்பான லேமினேட் பலகைகளை மூட்டித் தற்காலிக அச்சு செய்கிறார்கள். அல்லது ஒட்டுப்பலகையைப் படகு வடிவில் கம்பியால் தைத்து, அதன் இருபுறமும் இழை ஒட்டுகிறார்கள். மரத்தின்மேல் ஒட்டுவதற்குப் பாலியெஸ்டரைவிட எப்பாக்சி ரெசின் நன்றாகப் பற்றும், விலையும் அதிகம். முழு ஃபைபர் படகுக்குப் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான். இனி நாம் பேசுவது அதைப் பற்றியே.

காய்வது வேறு, இறுகுவது வேறு

சாயம் நீர் ஆவியாகிக் காய்கிறது. ரெசின் அப்படியல்ல. அதற்குள் இருக்கும் நீண்ட மூலக்கூறுகளை ஸ்டைரின் என்னும் திரவம் ஒன்றோடொன்று பிணைத்து வலைபோல ஆக்குகிறது. அதைத் தொடங்கி வைப்பது ஹார்ட்னர், அதாவது மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்ஸைடு. ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 கிராம், அதாவது 1 முதல் 2 விழுக்காடு சேர்ப்பது வழக்கம்.

இந்த வினை வெப்பத்தை வெளியிடும். வெப்பம் வினையை மேலும் விரைவாக்கும். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். 25 டிகிரியில் 20 நிமிடம் கையில் நிற்கும் கலவை, 35 டிகிரியில் 10 நிமிடத்திலேயே கட்டிவிடும். அகலமாகப் பூசினால் சூடு வெளியேறிவிடும். வாளி நிறையக் கலந்து வைத்தால் சூடு உள்ளேயே தங்கி, கலவை புகையத் தொடங்கும்.

வெயில் அதிகம், ஆகவே ஹார்ட்னரைக் குறைத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. 1 விழுக்காட்டுக்குக் கீழே போனால் கலவை மெல்ல இறுகுவதோடு நிற்காது. பல வேளைகளில் முழுதாக இறுகவே இறுகாது. மேலே கெட்டியாகத் தெரியும், உள்ளே பிணைப்பு அரைகுறையாக இருக்கும். சரியான வழி, அளவைக் குறைக்காமல் ஒரு கிலோ, அரைக் கிலோ என்று சிறுகச் சிறுகக் கலப்பதுதான். சொட்டுக் கணக்கு, கண் மதிப்பு இரண்டும் வேண்டாம். சமையலறைத் தராசு போன்ற ஒரு சிறு மின்தராசு போதும்.

எந்த மாதம், எந்த நேரம்?

கண்ணாடி இழைப் பாயை 'மேட்' என்பார்கள். அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரமான இழையில் ரெசின் ஒழுங்காக ஒட்டாது. பினாங்கில் அதிகாலையில் ஈரப்பதம் மிக அதிகம். நண்பகலில் வெப்பம் அதிகம். பிற்பகலில் மழை வரலாம். ஆகவே பனி விலகிய பின், வெயில் ஏறும் முன் உள்ள காலை நேரம் பூசுவதற்கு ஏற்றது. அதுவும் கூரைக்குக் கீழேதான் செய்ய வேண்டும். மாதங்களில் மழை குறைந்த ஜனவரி, பிப்ரவரி நல்லவை. மழை மிகுந்த செப்டம்பர், அக்டோபரைத் தவிர்க்கலாம். மேட் சுருளை வாங்கிய உறையிலேயே மூடி வைத்து, வேண்டியபோது மட்டும் வெட்டி எடுக்க வேண்டும்.

வார இறுதியில் மட்டும் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஓர் அடுக்கின்மேல் அடுத்த அடுக்கை ஒரு நாளுக்குள் பூசினால் இரண்டும் வேதியியல் முறையில் இணையும். ஒரு வாரம் விட்டால் கீழடுக்கு முற்றிலும் இறுகிவிடும். புதியது அதன்மேல் வெறுமனே ஒட்டி நிற்கும். அப்போது உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துத் தூசியைத் துடைத்த பிறகே தொடர வேண்டும்.

எடை போட்டுப் பூசுங்கள்

மெழுகு தடவிய அச்சில் முதலில் அரை மில்லிமீட்டர் கனத்தில் ஜெல்கோட் என்னும் நிறப்பூச்சு. அதன்மேல் மேட் அடுக்குகள். ஒரு சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு போட்டால் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் கனம் வரும். அதை நனைக்க மேட்டின் எடையைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் வேண்டும். 4 மீட்டர் படகின் உடலுக்கு 10 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஓர் அடுக்குக்கு நாலரைக் கிலோ மேட், அதிக அளவாக 11 கிலோ ரெசின்.

ரெசின் அதிகமானால் வலிமை கூடாது. உடையும் தன்மைதான் கூடும். குறைந்தால் இழை வெள்ளையாகத் தெரியும், அதன் வழியே நீர் ஏறும். காற்றுக் குமிழிகளை உருளையால் அழுத்தி வெளியேற்றிய பின்பே அடுத்த அடுக்கு.

மெருகு என்பது அழகுக்கு மட்டுமல்ல

காற்றில் உள்ள ஆக்சிஜன், பாலியெஸ்டரின் மேற்பரப்பு இறுகுவதைத் தடுக்கும். அதனால்தான் உட்புறம் நாள் கணக்கில் பிசுபிசுக்கிறது. கடைசிப் பூச்சில் மட்டும் மெழுகு கலந்த ரெசினைச் சேர்த்தால், மெழுகு மேலே மிதந்து காற்றை மறைக்கும். வெட்டிய விளிம்புகளையும் திருகாணித் துளைகளையும் ரெசினால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல இழை நுனிகள் நீரை இழுக்கும். எஞ்சின் மாட்டும் பின்பலகைக்குள் இருக்கும் மரம் இப்படித்தான் உளுத்துப்போகிறது.

எப்போதும் நீரிலேயே கிடக்கும் படகுக்கு வேறோர் ஆபத்து. நீர் மெல்ல ஜெல்கோட்டைக் கடந்து, உள்ளே இறுகாமல் எஞ்சிய பொருள்களைக் கரைக்கிறது. உலர்திராட்சை நீரில் ஊறி உப்புவதுபோல அங்கே கொப்புளம் எழும். குத்தினால் காடி வாடை வரும். நம்முடையது போன்ற வெதுவெதுப்பான கடலில் இது விரைவாக நடக்கும். அரைகுறையாக இறுகிய ரெசினே இதற்கு முக்கிய காரணம்.

மரம் மிதக்கும், ஃபைபர் மூழ்கும்

மரச் சம்பானில் நீர் நிறைந்தாலும் கட்டை மிதக்கும். ஃபைபரின் அடர்த்தி நீரைவிட ஒன்றரை மடங்கு. நீர் நிறைந்தால் எஞ்சினோடு அடியில் போய்விடும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா நீரிணையில் அதிகாலையில் திடீரென்று வீசும் 'சுமத்ரா' காற்றை நினைத்தால் இது சிறிய விஷயமல்ல. இருக்கைகளுக்கு அடியில் நுரை அடைத்த மூடிய அறைகள் கட்டாயம் வேண்டும். 100 லிட்டர் நுரை ஏறத்தாழ 95 கிலோவைத் தாங்கும். 4 மீட்டர் படகுக்கு 150 முதல் 200 லிட்டராவது வைப்பது நல்லது. பாலியூரித்தேன் நுரையையே பயன்படுத்துங்கள். வெள்ளைத் தெர்மோகோல்மீது பாலியெஸ்டர் ரெசின் பட்டால், ஸ்டைரின் அதைக் கரைத்துவிடும்.

கண்ணும் மூச்சும்

ஹார்ட்னர் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகக்கூடும். கண்ணாடிக் கவசம் இல்லாமல் அதன் மூடியைத் திறக்கக் கூடாது. பட்டுவிட்டால் உடனே 15 நிமிடமாவது நீரால் கழுவி மருத்துவமனைக்குப் போக வேண்டும். சில ரெசின்களில் கோபால்ட் முடுக்கியைத் தனியே சேர்க்க வேண்டியிருக்கும். அதையும் ஹார்ட்னரையும் நேரடியாகக் கலந்தால் வெடிக்கும். ஸ்டைரின் ஆவிக்குச் சாதாரண முகக்கவசம் பயன்படாது. கரிமவாயு வடிகட்டி பொருத்திய கவசம் தேவை. தேய்க்கும்போது நீர் விட்டுத் தேய்த்தால் தூசி அடங்கும்.

சுனாமி காட்டிய பாடம்

2004 டிசம்பர் 26 சுனாமி பினாங்கில் உயிர்களையும் படகுகளையும் கொண்டுபோனது. அதே அலை தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பல்லாயிரம் படகுகளை உடைத்தது. அங்கே நன்கொடைப் பணத்தில் கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் நிரப்பின. தேவை அவசரமானது, புதிய பட்டறைகள் முளைத்தன, அனுபவமில்லாத கைகள் கட்டிய படகுகள் பலவற்றில் தரக்குறைவு தெரிந்தது. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2009-இல் சிறு ஃபைபர் படகு கட்டுவதற்கான விளக்கக் கையேட்டை வெளியிட்டது. சரியான வேலைமுறை அதில் படிப்படியாக விளக்கப்பட்டுள்ளது.

கட்டிய படகையும் வாங்கப் போகும் பழைய படகையும் எளிதாகச் சோதிக்கலாம். நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். 'டக்' என்ற ஒலி மங்கி 'தொப்' என்று கேட்டால் அடுக்குகள் பிரிந்திருக்கலாம். சாயமடிக்காத உட்புறத்தில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் அங்கே இழை நனையவில்லை. அசிட்டோன் தோய்த்த துணியால் மெழுகை நீக்கி, மீண்டும் தேயுங்கள். பரப்பு பிசுபிசுத்தால் ரெசின் சரியாக இறுகவில்லை.

மீன்பிடிக்கப் பயன்படுத்துவதானால் 1985-ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டப்படி உரிமம் வேண்டும். மீன்வளத் துறையிடமும், உல்லாசப் படகானால் கடல்துறையிடமும், கட்டத் தொடங்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். முதல் முறை நீரில் இறக்கும்போது ஆழமில்லாத இடத்தில், உயிர்காப்பு உடை அணிந்து, வேண்டுமென்றே படகில் நீரை நிரப்பிப் பாருங்கள். விளிம்பு நீருக்கு மேலே நின்றால் நுரை போதும். நிற்காவிட்டால், கடலுக்குப் போகும் முன் இன்னும் சேருங்கள்.