நிரல் பயில்வோனுக்கு உகந்த எழுதுகருவி

கணினிக்கு இன்னின்னது செய்யவேண்டுமென வரிசைப்படி எழுதிக் கொடுக்கும் கட்டளைத் தொடருக்கு நிரல் என்பது பெயர். நிரல் எழுதுதற்கென அமைந்த மொழிகளுள், தொடக்க மாணாக்கருக்கு இக்காலத்திற் பெரிதுங் கற்பிக்கப்படுவனவற்றுள் ஒன்று பைதன். கைடோ வான் ரோசம் என்னும் நெதர்லாந்து அறிஞர் 1991 ஆம் ஆண்டில் வெளியிட்ட இம்மொழி, இலங்கையில் உயர்தர வகுப்பின் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியற் பாடத்திலும் இடம்பெற்றுள்ளது. இதனைக் கற்கப் புகும் மாணவனுக்கு முதலில் எழும் வினா மொழியைப் பற்றியதன்று. எதிலே எழுதுவது என்பதேயாகும்.

வினா சிறிதெனத் தோன்றும். ஆயினும், கருவி தந்த தொல்லையைத் தன் அறிவுக் குறைவென எண்ணி, முதற் கிழமையிலேயே பாடத்தைக் கைவிடும் மாணவரும் உளர். அவர்கள் பைதனிற் தோற்றவர்கள் அல்லர்; பைதனைச் சென்றடையாமலே திரும்பியவர்கள்.

நிரல் என்பது வெறும் எழுத்துக்களாலான கோப்பு. அங்ஙனமாயின், கடிதம் தட்டெழுதும் மென்பொருளிலேயே அதனை எழுதலாகாதோ என நேயர்கள் வினவலாம். ஆகாது. அத்தகைய மென்பொருள் நேரான மேற்கோட் குறியை அழகுக்காக வளைந்த குறியாக மாற்றிவிடும். பைதன் வளைந்த குறியை ஏற்காது. மேலும், பைதனில் வரியின் தொடக்கத்தில் விடப்படும் இடைவெளிக்கும் பொருளுண்டு. எந்த வரி எந்தக் கட்டளையின்கீழ் அடங்குமென்பதை அவ்விடைவெளியே உணர்த்தும். ஒரு வரியில் இடைவெளி விசையையும், அடுத்த வரியில் டேப் விசையையும் தட்டினால், கண்ணுக்கு இரண்டும் ஒன்றாய்த் தோன்றினும் பைதன் மறுத்துவிடும். ஆகவே, இவற்றைக் கவனித்துத் தானே ஒழுங்குசெய்யும் கருவியொன்று வேண்டும். ஆங்கிலத்தில் எடிற்றர் என வழங்குவது அதுவே.

பைதனை அதன் சொந்தத் தளத்திலிருந்து பெறுவோருக்கு, ஐடில் என்னும் எளிய எடிற்றர் பெரும்பாலும் உடன் வந்துவிடும். ஒரு வரி எழுதினால் உடனே விடை கூறும் சாளரமொன்றும், நிரலை எழுதிச் சேமிக்கும் சாளரமொன்றும் அதில் உள்ளன. இவ்விரண்டையும் மயங்கக் கொள்ளாதவனுக்கு அது போதும்.

எனினும், தானே பயில்வோனுக்கு அதனினும் உகந்தது தொன்னி எனலாம். எஸ்தோனியா நாட்டுத் தார்த்துப் பல்கலைக்கழகத்தில், தொடக்க மாணாக்கரை மனத்திற் கொண்டே உருவாக்கப்பட்டது அது. பைதனும் அதனுள்ளே அடங்கியிருப்பதால் ஒரே நிறுவலில் வேலை முடிகின்றது. அதன் தனிச்சிறப்போ வேறு. நிரலை ஒரே மூச்சில் ஓட்டாது, அடியடியாக நடத்திக் காட்டவும் வல்லது தொன்னி. விலை என்னும் பெயருக்கு 40 என மதிப்பளித்து, அதன் மும்மடங்கோடு 10 கூட்டுமாறு எழுதியிருப்பின், முதலில் பெயர் மறைந்து அவ்விடத்தில் 40 தோன்றும். பின்னர்ப் பெருக்கல் 120 ஆகும். அதன்பின் 130 வரும். பெயர்களும் அவற்றின் மதிப்புக்களும் பக்கத்திலுள்ள அட்டவணையிற் கணத்துக்குக் கணம் மாறுவதைக் காணலாம்.

இதனால் விளையும் பயன் பெரிது. கடைச் சிட்டையொன்றில் ஐந்து பொருள்களின் விலையைக் கூட்டி, இறுதியில் மொத்தத்தை ஒருமுறை அச்சிட விரும்புகிறான் மாணவன். அச்சிடும் வரியைச் சற்று உள்ளே தள்ளி எழுதிவிட்டான். திரையில் ஐந்து தொகைகள் வருகின்றன. பைதன் தவறென ஒன்றுங் கூறவில்லை; இலக்கணப்படி தவறுமில்லை. அடியடியாக நடத்திப் பார்க்கும்போதோ, ஒவ்வொரு பொருளுக்கும் அந்த வரி மீண்டும் மீண்டும் வருவதை அவன் தன் கண்ணாலேயே காண்கிறான். ஆசிரியர் பக்கத்தில் இல்லாதபோது இதனைவிடச் சிறந்த துணை அரிது.

அனுபவமிக்க அண்ணன்மார் சிலர் விம் என்பதைப் பரிந்துரைப்பர். அதன் மூதாதையான வீ, 1976 அளவில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தில் பில் ஜோய் எழுதியது. வினாடிக்கு ஏறத்தாழ 30 எழுத்துக்களே செல்லும் மெதுவான இணைப்புக்கு ஏற்ப, ஓரிரு எழுத்துக்களே கட்டளையாக அமைந்தன. கைதேர்ந்தோருக்கு அது விரைவான கருவிதான். புதியவனுக்கோ, அதிலிருந்து வெளியேறும் வழியே தனிப்பாடமாகிவிடும்.

2015 இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் அறிமுகஞ் செய்த விஷுவல் ஸ்டூடியோ கோட் இன்று மிகப் பரவலாக வழங்குகின்றது. பல மொழிகளுக்கும் இடங்கொடுப்பது, விலையின்றிக் கிடைப்பது. ஆயின், பைதனை வேறாக நிறுவி, அதற்குரிய நீட்சியையுஞ் சேர்த்து, எந்தப் பைதனைக் கொண்டு ஓட்டுவதெனத் தெரிவுசெய்த பின்னரே வேலை தொடங்கும். இதிலொன்று பிசகினாலும் முதல் வரியே ஓடாது.

இன்னொன்றும் கருதத்தக்கது. 2021 இல் வெளிப்பட்ட கிட்ஹப் கோபைலட் முதலான செயற்கை நுண்ணறிவுத் துணைகள், மாணவன் இரண்டு சொல் எழுதுமுன் எஞ்சியதைத் தாமே எழுதிக் காட்டுகின்றன. தொழில் செய்வோனுக்கு அது நேரச் சேமிப்பு. பயில்வோனுக்கோ, வாய்பாடு படிக்கும் பிள்ளையின் பக்கத்தில் யாரோ விடையை உரக்கச் சொல்வது போன்றதே. அவ்வசதியை நிறுத்திவைக்க எடிற்றரில் வழியுண்டு. முதற் சில மாதங்களேனும் நிறுத்திவைத்தல் நன்று.

நிரல் பல கோப்புக்களாக விரியும்போதும், மற்றவரோடு சேர்ந்து எழுதும்போதும் தொன்னி போதாதென்பது தானே தெரியவரும். அந்நாளில் விஷுவல் ஸ்டூடியோ கோட்டுக்கோ பைசார்முக்கோ மாறிக்கொள்ளலாம். முன்னர் எழுதிய கோப்புக்கள் வெறும் எழுத்துக் கோப்புக்களே ஆதலால், அவற்றைப் புதிய கருவியில் அப்படியே திறக்கலாம்; ஓரெழுத்தையும் மாற்ற வேண்டுவதில்லை.