கஞ்சா வழக்கு: எதிர்வாதம் தொடங்கும் இடம்

மகன் கஞ்சா வழக்கில் கைதாகிவிட்டான் என்று ஒரு குடும்பம் வழக்கறிஞரைத் தேடி வரும்போது, பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்கள் கடந்திருக்கும். வட்டிக்கு வாங்கிய பணம் இடைத்தரகர்களிடம் போய்ச் சேர்ந்திருக்கும். வன்கொடுமை வழக்கென்றால் அன்றே திரளும் அமைப்புகளுள் சில, போதை வழக்கு என்றதும் தயங்கி நிற்கின்றன. அந்தத் தயக்கம் நீடிக்கும் நாட்களில்தான் வழக்கின் போக்கைத் தீர்மானிக்கும் ஆவணங்கள் எழுதி முடிக்கப்படுகின்றன.

"இந்தச் சட்டத்தில் பிணையே கிடையாது" என்ற பேச்சு குடியிருப்புகளில் பரவலாக உண்டு. இடைத்தரகர்களின் பிழைப்பும் அதில்தான் நடக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப் பொருட்கள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம் எடையை அளவுகோலாகக் கொண்டது. கஞ்சா 1 கிலோவுக்குக் குறைவெனில் சிறு அளவு. ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 20 கிலோவுக்கு மேற்பட்டால் வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு. இடைப்பட்டவற்றுக்கு 10 ஆண்டு வரை. குற்றமற்றவர் என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாகப் பிணைக் கட்டத்திலேயே நீதிமன்றம் மனநிறைவு கொள்ள வேண்டும் என்னும் பிரிவு 37-இன் கடுமை, கஞ்சாவைப் பொறுத்தவரை, வணிக அளவுக்கே பொருந்தும். நாங்கள் நடத்தும் வழக்குகளில் பெரும்பாலானவை அந்த எல்லைக்குக் கீழேதான் உள்ளன.

எனவே எடை எப்படி எடுக்கப்பட்டது என்பதே முதல் கேள்வி. சட்டத்தின் வரையறைப்படி கஞ்சா என்பது செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதி. நுனியோடு சேராத இலையும் விதையும் அதில் அடங்கா. 21 கிலோ என்று காட்டப்படும் மூட்டையில் தண்டும் இலையும் எவ்வளவு, சாக்கோடு சேர்த்து நிறுத்தார்களா என்பவை அற்பக் கேள்விகள் அல்ல. ஒரு கிலோ வித்தியாசத்தில் பத்தாண்டு அடங்கியிருக்கிறது.

அடுத்தது பறிமுதல் மகஜர். நாங்கள் படித்த வழக்குக் கட்டுகளில் இரண்டு வாக்கியங்கள் ஊர் மாறினாலும் மாறுவதில்லை. "பொதுமக்களைச் சாட்சியாக அழைத்தும் எவரும் முன்வரவில்லை" என்பது ஒன்று. மாலை நேரத்தில் திண்ணைதோறும் ஆட்கள் அமர்ந்திருக்கும் தெருவில் ஒருவர்கூட முன்வரவில்லையாம்! மற்றொன்று, "தங்கள் மீது நம்பிக்கை உள்ளது, தாங்களே சோதனை செய்யலாம்" என்று கைதானவர் கூறியதாக எழுதப்படுவது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட இளைஞர் இத்தனை பிழையற்ற எழுத்துத்தமிழில் பேசியிருப்பாரா என்று குறுக்கு விசாரணையில் கேட்டே ஆக வேண்டும். உடற்சோதனைக்கு முன், அரசிதழ் பதிவு பெற்ற அலுவலர் அல்லது நடுவர் முன்னிலையில் சோதிக்கப்படும் உரிமை உண்டென்று அவருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது பிரிவு 50. ஏறத்தாழ இணங்கியதாகச் சொல்வது போதாது என்று ஜடேஜா வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு தெளிவாக்கியது. ஆனால் இந்தப் பாதுகாப்பு உடற்சோதனைக்கு மட்டுமே, பைக்கு இல்லை. பொருள் சட்டைப் பையில் இருந்ததா, கைப்பையில் இருந்ததா என்று மகஜர் கூறுவதை ஊன்றிப் படிக்க வேண்டியது இதனால்தான்.

கண்ணகி நகர், பெரும்பாக்கம் போல, நகரத்திலிருந்து அகற்றப்பட்ட மக்கள் குடியமர்த்தப்பட்ட இடங்களில் முகவரியே சந்தேகத்துக்குக் காரணமாகிவிடுகிறது. இரவில் வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டவர், மறுநாள் பேருந்து நிறுத்தத்தில் பையோடு நின்றதாகக் காட்டப்படுகிறார் என்றே குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கூறுகின்றன. அதை மெய்ப்பிக்க அன்றிரவே செயல்பட வேண்டும்: அழைத்துச் சென்ற நேரத்தைக் குறிப்பிட்டுக் காவல் ஆணையருக்கோ கண்காணிப்பாளருக்கோ மின்னஞ்சல், தெருவிலுள்ள கடைகளின் கேமரா பதிவு, காவல் நிலையக் கேமரா பதிவைப் பாதுகாக்கக் கோரும் மனு. தேடுதலையும் பறிமுதலையும் காணொளியாகப் பதிய வேண்டும் என்று 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 105 கூறுகிறது. அந்தப் பதிவையும் கேட்க வேண்டும்.

பிரிவு 52அ-வின் கீழ் நடுவர் முன்னிலையில் மாதிரி எடுக்க வேண்டும் என்று மோகன்லால் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. இந்த ஒரு குறை மட்டுமே விடுதலைக்குப் போதாது என்று பின்னர் கூறப்பட்டுவிட்டதால், மற்றக் குறைகளோடு சேர்த்தே இதை வாதிட வேண்டும்.

நாட்களையும் எண்ண வேண்டும். வணிக அளவு வழக்கில் 180 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், காலநீட்டிப்பும் இல்லையெனில், பிணை உரிமையாகிறது. இடைப்பட்ட அளவுக்கு 60 நாளே என்று, ராகேஷ் குமார் பால் வழக்கின் 2017ஆம் ஆண்டுத் தீர்ப்பைக் காட்டி வாதிடலாம். 61ஆம் நாள் காலையில் மனு தயாராக இருக்க வேண்டும். குற்றப்பத்திரிகை முந்திக்கொண்டால் அந்த உரிமை போய்விடும்.

பிணை கிடைக்கும் வேளையில் குண்டர் சட்டம் வந்து நிற்பதும் உண்டு. தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆம் சட்டம் போதைப்பொருள் குற்றவாளிகளையும் உள்ளடக்கியது. விசாரணையின்றி 12 மாதம் வரை அடைத்து வைக்கலாம். பிணை மனுவே நிலுவையில் இல்லாதபோது "வெளியே வந்துவிடுவார்" என்று காரணம் காட்டுவது செல்லாது என ரேகா வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் தடுப்புக் காவலை ரத்து செய்தது. அரசுக்கும் அறிவுரைக் கழகத்துக்கும் முறையீட்டை உடனே அனுப்ப வேண்டும். அதைப் பரிசீலிப்பதில் விளக்கமற்ற தாமதம் ஏற்பட்டால், ஆட்கொணர்வு மனுவில் அதுவே வலுவான வாதமாகும்.

இதற்கெல்லாம் பணத்துக்கு எங்கே போவது என்று குடும்பங்கள் கேட்கின்றன. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம், பிரிவு 12-இன்படி, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு. காவலில் உள்ள எவருக்கும் உண்டு. ரிமாண்டுக்குக் கொண்டுவரும்போதே நடுவரிடம் வாய்மொழியாகக் கேட்கலாம். நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் குடும்பத்தினரே விண்ணப்பிக்கலாம். சாதிச் சான்றிதழின் நகல், முதல் தகவல் அறிக்கை எண், அழைத்துச் சென்ற நாளும் நேரமும் எழுதிய தாள் ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்வது நல்லது.