இறுதியாட்டம் முடியும் முறை

மாலை வேளையில் கற்பிட்டியிலோ உடப்பிலோ கடற்கரை மணலில் சிறுவர்கள் உதைபந்தாடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரு புறமும் தடிகள் நாட்டப்பட்டிருக்கின்றன. கதிரவன் மேலைக் கடலில் இறங்குகிறான். பந்து கண்ணுக்குத் தெரியாத நேரம் நெருங்குகிறது. இரு பக்கத்தாரும் சமமாக நிற்கின்றனர். அப்பொழுது ஒருவன், "இனி முதலிலே கோல் போடுகிறவர்களுக்கே வெற்றி" என்கிறான். மற்றவர் அனைவரும் உடன்படுகின்றனர்.

இச்சிறுவர்கள் ஒரு கணத்தில் தீர்த்துக்கொள்ளும் இவ்வினாவுக்கு விடை காண உலக உதைபந்தாட்டத்தை நடத்துவோர் பல்லாண்டு உழைத்தனர். சாதாரண ஆட்டம் சமநிலையில் முடியலாம். இறுதியாட்டம் அவ்வாறு முடிதல் இயலாது. கிண்ணம் ஒன்றே, அதைப் பெறுவோரும் ஒருவரே.

முற்காலத்தில் இருந்த வழிகள் இரண்டு. ஒன்று, ஆட்டத்தை மற்றொரு நாள் மீண்டும் ஆடுவது. மற்றது, நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பது. 1968ஆம் ஆண்டின் ஐரோப்பியக் கிண்ணப் போட்டியில் இவ்விரண்டும் நிகழ்ந்தன. அரையிறுதியில் இத்தாலியும் சோவியத் ஒன்றியமும் கோல் எதுவும் போடாது சமநிலை கண்டன. நாணயம் இத்தாலியின் பக்கம் விழுந்தது. இறுதியாட்டத்தில் இத்தாலியும் யூகோஸ்லாவியாவும் 1-1 எனச் சமநிலை அடைந்தன. இரண்டு நாட்களின் பின் மீண்டும் ஆடி, 2-0 என்ற கணக்கில் இத்தாலி வென்றது. ஆற்றலுக்கு உரிய பரிசை நாணயம் வழங்குவதா என்ற கேள்வி எழுந்தது இயல்பே.

1970ஆம் ஆண்டில் தண்ட உதை முறை சட்டத்தில் இடம்பெற்றது. 11 மீற்றர் தொலைவில் பந்தை வைத்து, பக்கத்துக்கு ஐவர் மாறி மாறி உதைக்க வேண்டும். அப்போதும் சமநிலை நீங்காவிடில் ஒவ்வொருவராகத் தொடர வேண்டும். 1994, 2006, 2022 ஆகிய ஆண்டுகளின் உலகக் கிண்ண இறுதியாட்டங்கள் இம்முறையிலேயே தீர்ந்தன.

ஆயினும் இம்முறைக்கு ஒரு கொடுமை உண்டு. 120 நிமிடம் பதினொருவர் சேர்ந்து ஆடிய ஆட்டத்தின் சுமை முழுவதும் ஒருவனுடைய காலில் வந்து விழுகிறது. 1994இல் பிரேசிலுக்கு எதிராக இத்தாலியின் ரொபேர்ட்டோ பாஜியோ கடைசி உதையைக் கம்பத்துக்கு மேலாக அடித்தார். அவருக்கு முன்னர் அதே அணியைச் சேர்ந்த வேறு இருவரும் தவறியிருந்தனர். எனினும் உலகம் நினைவில் வைத்திருப்பது பாஜியோவை மட்டுமே.

இக்குறையைப் போக்கவெனப் 'பொற்கோல்' என்ற விதி 1993ஆம் ஆண்டில் வந்தது. மேலதிக நேரத்தில் எவர் முதலிற் கோல் போடுகிறாரோ, அக்கணமே ஆட்டம் முடியும். நம் கடற்கரைச் சிறுவரின் விதியும் இதுவே. 1995ஆம் ஆண்டில் கொழும்பில் நடைபெற்ற தெற்காசியக் கிண்ண இறுதியாட்டத்தில், இலங்கை அணி இந்தியாவை இவ்வாறே 1-0 என வென்றது. அக்கிண்ணத்தை இலங்கை வென்றது அந்த ஒரு முறையே.

ஆனால் எதிர்பார்த்த பயனைப் பொற்கோல் தரவில்லை. கோல் போடும் ஆவலை அது வளர்க்கும் என்று கருதினர். ஒரு தவறு ஆட்டத்தையே முடித்துவிடும் என்ற அச்சத்தையே அது வளர்த்தது. கோல் வாங்கிய பக்கத்துக்கு மறுமொழி கூற ஒரு நிமிடமும் கிடைக்கவில்லை. 2000ஆம் ஆண்டின் ஐரோப்பிய இறுதியாட்டத்தில் இத்தாலி பிரான்சிடம் அவ்வாறே தோற்றது. 2004ஆம் ஆண்டில் இவ்விதி கைவிடப்பட்டது. மேலதிக நேரமாகிய 30 நிமிடமும் முழுமையாக ஆடப்பெறும் என்பதே இன்றைய விதி.

இதன் நன்மையை 2022ஆம் ஆண்டின் உலகக் கிண்ண இறுதியாட்டம் காட்டிற்று. 108ஆம் நிமிடத்தில் மெஸ்ஸி கோல் போட்டார். பழைய விதி இருந்திருப்பின் ஆட்டம் அங்கேயே முடிந்திருக்கும். பிரான்சின் எம்பாப்பே 118ஆம் நிமிடத்தில் அதைச் சமப்படுத்தினார். தண்ட உதைகளில் 4-2 என ஆர்ஜென்டீனா வென்றதாயினும், பிரான்சுக்கு மறுமொழி கூறும் வாய்ப்பு மறுக்கப்படவில்லை.

இலங்கை இதன் மறுபக்கத்தையும் அறியும். 2021ஆம் ஆண்டில் கொழும்பில் நடந்த நான்கு நாடுகள் போட்டியின் இறுதியாட்டம் 3-3 எனச் சமநிலை அடைந்தது. தண்ட உதைகளில் சீஷெல்ஸ் அணி கிண்ணத்தைக் கொண்டு சென்றது.

கடற்கரைச் சிறுவர்களின் விதி தவறன்று. இருள் எவருக்காகவும் காத்திராது. நாளை மீண்டும் ஆடலாம். இறுதியாட்டத்துக்கு அத்தகைய நாளை இல்லை. எனவே நம் ஊர்களிலும் பாடசாலைகளிலும் போட்டி நடத்துவோர் இரண்டு செய்திகளை மனங்கொள்வது நலம். சமநிலை வந்தால் என்ன செய்வது என்பதை ஆட்டம் தொடங்குமுன் இரு பக்கத்தாருக்கும் தெளிவாகக் கூறிவிடுதல் வேண்டும். நடுவே கூறினால் எவ்விதியும் சூழ்ச்சியாகவே தோன்றும். தண்ட உதையில் தவறிய சிறுவனைத் தனியே விட்டுவிடலாகாது. ஆட்ட நேரம் முழுவதிலும் தவறவிட்ட வாய்ப்புகள் பதினொருவருக்கும் பொது என்பதை அவனுக்கும், கூடிநிற்கும் ஊராருக்கும் எடுத்துச் சொல்லுதல் பெரியோர் கடனாகும்.