சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்கிறதா?

பணி மாற்றத்தில் நாம் தில்லிக்கு வந்த இரண்டாம் ஆண்டு, ஜனவரி மாதத்தில் ஒரு நாள். பனிமூட்டம் விலகாத அதிகாலை. நம் தாயாரின் கண்புரை அறுவைச் சிகிச்சைக்காகக் காலை ஏழு மணிக்கு மருத்துவமனையில் இருக்க வேண்டும். அவரைக் காரில் அமர்த்திவிட்டுச் சாவியைத் திருப்பினோம். ‘டக் டக் டக் டக்’ என்ற ஓசை மட்டுமே எழுந்தது, எஞ்சின் அசையவில்லை. வாடகைக் காரைத் தேடிப் பிடித்து ஒருவாறு உரிய நேரத்தில் சேர்ந்தோம்.

மாலையில் வந்த மெக்கானிக் ஓசையை ஒரு முறை கேட்டுவிட்டு, “ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது, ஒன்பதாயிரம் ஆகும்” என்றார். வணிகவியல் பயின்ற நமக்கு மோட்டாரைப் பற்றி என்ன தெரியும்? சம்மதிக்கவிருந்த வேளையில், இராணுவ வாகனப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர் தடுத்தார். முகப்பு விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னார். மங்கலாக எரிந்த விளக்கு அடியோடு அணைந்தது. “மோட்டாரைக் கழற்றும் முன் பேட்டரியைப் பாருங்கள்” என்றார். கணக்கேட்டைப் புரட்டாமல் கடன் விண்ணப்பத்தில் கையெழுத்திடாத நாம், அன்று அந்தத் தவற்றைச் செய்ய இருந்தோம்.

ஓசை எங்கிருந்து வருகிறது?

ஸ்டார்ட்டர் மோட்டாரின் மேல் சொலினாய்டு என்னும் மின்காந்த விசை உள்ளது. சாவியைத் திருப்பியதும் அது உள்ளிழுக்கப்பட்டு, பேட்டரியின் முழு மின்சாரத்தையும் மோட்டாருக்குத் திறந்துவிடுகிறது. ‘டக்’ என்பது அந்த விசையின் ஓசை. சாதாரண முகப்பு விளக்கு ஒன்றுக்கு ஏறத்தாழ 5 ஆம்பியர் போதும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கோ 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். ஆகவே, விளக்கு எரிகிறது என்பதாலேயே பேட்டரி நலமாக உள்ளது என்று கொள்ளலாகாது.

மூன்று வகை அறிகுறிகள்

*தொடர்ந்து விரைவாக ‘டக் டக்’:* பேட்டரி வலுவிழந்திருக்கலாம், அல்லது அதன் இணைப்பு பழுதாகியிருக்கலாம். மோட்டார் மின்சாரத்தை இழுத்தவுடன் மின்னழுத்தம் சரிகிறது, சொலினாய்டு விடுபடுகிறது, அழுத்தம் மீண்டும் உயர, அது மறுபடி ஒட்டுகிறது. இச்சுழற்சியே அந்த ஓசை.

*உரத்த ஒரே ‘டக்’; விளக்கு மங்கவில்லை:* சொலினாய்டின் தொடுமுனைகள் தேய்ந்திருக்கலாம், அல்லது மோட்டாரே பழுதாகியிருக்கலாம். மெக்கானிக்கின் உதவி தேவை.

*ஓசையே இல்லை:* தானியங்கி கியர் வண்டியாயின் கியர் ‘பி’ அல்லது ‘என்’ நிலையில் உள்ளதா என்று பாருங்கள். மற்ற வண்டிகள் சிலவற்றில் கிளட்சை முழுவதும் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும். அதன் பின்னரே ஃபியூஸ், ரிலே, சாவி சுவிட்சு ஆகியவற்றை ஐயுற வேண்டும்.

நாமே செய்யக்கூடியவை

பானெட்டைத் திறந்து பேட்டரி முனைகளைப் பாருங்கள். வெண்மையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால், அதுவே மின்சாரத்தைத் தடுக்கப் போதுமானது. கையுறை அணிந்து, முதலில் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிச் சமையல் சோடா கலந்த நீரால் துடைத்து, உலர்ந்தபின் இறுக்க வேண்டும். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில்.

மல்டிமீட்டர் இருந்தால் மேலும் தெளிவு கிடைக்கும். இரவு முழுதும் ஓய்ந்திருந்த நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதியளவே மின்னூட்டம். 12-க்கும் கீழே என்றால் ஏறக்குறைய வெறுமை. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். உயரவே இல்லையெனில், பேட்டரிக்கு மின்னூட்டும் ஆல்டர்னேட்டரைச் சோதிக்க வேண்டும்.

வேறொரு காரிலிருந்து ஜம்பர் கேபிள் கொடுப்பதாயின் வரிசை முக்கியம். சிவப்புக் கேபிளை முதலில் நம் பேட்டரியின் பாசிட்டிவிலும், பிறகு உதவும் காரின் பாசிட்டிவிலும் இணைக்க வேண்டும். கறுப்புக் கேபிளை உதவும் காரின் நெகட்டிவிலும், இறுதியாக நம் காரின் பேட்டரிக்குத் தொலைவில் உள்ள வெற்று உலோகப் பகுதியிலும் இணைக்க வேண்டும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு கசியக்கூடும். அருகில் தீப்பொறி எழலாகாது என்பதே காரணம்.

செலவும் பாதுகாப்பும்

நம் காரில் முனைகளைத் துடைத்து, ஜம்பர் கொடுத்ததும் எஞ்சின் இயங்கியது. ஓடும்போது 14.1 வோல்ட், ஆகவே ஆல்டர்னேட்டர் நலம். மறுநாள் காலையில் 11.9 மட்டுமே. கோடை வெப்பம் பேட்டரியைத் தேய்க்கிறது. குளிர்காலம் அத்தேய்வை வெளிக்காட்டுகிறது. தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓட்டிய நம் பழக்கமும் ஒரு காரணம். இழந்த மின்சாரத்தை மீட்க அத்தூரம் போதாது. வாங்கி முப்பத்திரண்டு மாதங்களே ஆகியிருந்தன. உத்தரவாத அட்டையைக் காட்டியதில், புதிய பேட்டரியின் விலையில் ஒரு பகுதி கழிந்தது. மெக்கானிக் கேட்ட தொகையில் பாதிகூடச் செலவாகவில்லை.

மோட்டார் காப்பீடு எடுத்துள்ள வாடிக்கையாளர்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். வழக்கமான பாலிசி தேய்மானத்தையும், தானாக ஏற்படும் மின்பழுதையும் ஈடு செய்வதில்லை. விபத்தில் பேட்டரி சேதமுற்றாலும் பொதுவாக 50 சதவீதம் தேய்மானமாகக் கழிக்கப்படும். ஆனால், சிறு கூடுதல் பிரீமியத்தில் கிடைக்கும் சாலையோர உதவிச் சேவையில் ஜம்பர் உதவியும் பெரும்பாலும் அடங்கும். அதன் தொலைபேசி எண்ணைக் கைபேசியில் பதிந்து வையுங்கள்; பேட்டரியின் ரசீதையும் உத்தரவாத அட்டையையும் வண்டிப் பத்திரங்களுடன் சேர்த்து வையுங்கள்.

தாயாரின் கண்ணில் கட்டு அவிழ்த்த அன்று நம் காரிலேயே அவரை அழைத்து வந்தோம். சாவியைத் திருப்பிய கணமே எஞ்சின் முழங்கியது. “இப்போது சத்தமும் நன்றாகக் கேட்கிறது, பார்வையும் நன்றாகத் தெரிகிறது” என்று சிரித்தார்.