எலி முத்திரையும் ஓக் மரமும்

ஓக் என்னும் மரத்தின் பெயரை ஆங்கிலக் கதைகளில் அடிக்கடி படிக்கிறோம். மரத்தைக் கண்டவர் நம்மில் சிலரே. குமாவோன், கட்வால் மலைச் சரிவுகளில் இதன் இனம் ஒன்று காடாக வளர்கிறது. அங்குள்ளோர் அதனைப் பாஞ்ச் என்பர். விடுமுறையில் நைனிடால் போய் வந்த நண்பர்கள் அதன் நிழலில் நின்றிருப்பர், பெயரைக் கேட்டிருக்கமாட்டார்கள். ஆயினும் ஓக் மரத்துப் பொருளொன்று நம் பாட்டிமார் எல்லோருக்கும் தெரியும். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் மாசிக்காய் உண்மையில் காயன்று. மேற்காசியாவில் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் கிளையில் சிறு குளவியொன்று முட்டையிட, அவ்விடம் புடைத்து உருண்டையாகிறது, அதுவே மாசிக்காய். அதை உரைத்து நாவில் தடவினால் குழந்தை முகத்தைச் சுளிக்கிறதே, அந்தத் துவர்ப்புக்குக் காரணமான டானின் என்னும் பொருளை இக்கட்டுரையில் மீண்டும் சந்திப்போம்.

ஓக் மரத்தில் கையால் செய்த மேசை, நாற்காலி, பெட்டி, செதுக்கு வேலை ஆகியவற்றைத் தேடிச் சேர்ப்பது இங்கிலாந்தில் நெடுநாளைய பழக்கம். ஒவ்வொரு வட்டாரத்துத் தச்சருக்கும் ஒரு தனிக் கைப்போக்கு உண்டு. அவற்றுள் யார்க்‌ஷயர்ச் சிற்றூர் ஒன்றின் கதையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். சேகரிப்போரில் பலர் முத்திரையைத் தேடுகின்றனர். மரத்தைப் படிக்கத் தெரிந்தவர் சிலர்தாம். இவ்விரு சாராருக்கும் உள்ள தூரத்தை இந்த ஊரைப்போல் எடுத்துக்காட்டும் இடம் வேறில்லை.

ஊரின் பெயர் கில்பர்ன். அங்கே 1876-ஆம் ஆண்டில் பிறந்தவர் ராபர்ட் தாம்ஸன். தந்தையார் ஊர்த் தச்சர். ஆனால் பிள்ளை தச்சனாகவேண்டும் என்று அவர் எண்ணவில்லை. பதினைந்து வயதில் கிளெக்கீட்டன் என்னும் தொழில் நகருக்குப் பொறியியல் பழக அனுப்பிவிட்டார். மகனை எப்படியாவது பொறியியலில் சேர்த்துவிடவேண்டும் என்று துடிக்கும் தந்தையர் நம் நாட்டில்தான் பிறந்தனர் என்று எண்ணவேண்டா! பையனுக்கு அவ்வேலை வேம்பாய்க் கசந்தது. ஐந்தாண்டு கழித்துத் தந்தையின் பட்டறைக்கே திரும்பினார்.

அந்த ஐந்தாண்டுகளில் ஊருக்குப் போகும்போதும் வரும்போதும் வழியில் ரிப்பன் என்னும் ஊர் குறுக்கிட்டது. சென்னையிலுள்ள ரிப்பன் கட்டடத்துக்குப் பெயர் தந்த வைசிராய்க்குப் பட்டம் கொடுத்த ஊர் இதுவே. அங்குள்ள பேராலயத்தின் பாடகர் இருக்கைகளில் 1489-க்கும் 1494-க்கும் இடையே செதுக்கிய ஓக் வேலைப்பாடுகள் உள்ளன. வில்லியம் பிராம்ஃப்ளெட் என்பாரின் பட்டறை வேலை என்பர். அவற்றுள் முதுகில் கோட்டையைச் சுமக்கும் யானையும் ஒன்று. யானையை நேரில் கண்டிருக்க வாய்ப்பில்லாத தச்சர் செதுக்கிய யானை அது. கோயில் தூண்களில் யானை பார்த்து வளர்ந்த நமக்கு அதன் உடலமைப்பைக் கண்டால் சிரிப்பு வரலாம். உளி சென்ற உறுதியைக் கண்டால் சிரிப்பு அடங்கிவிடும். தாம்ஸனை ஈர்த்தது அந்த உறுதிதான். வழக்கொழிந்து கொண்டிருந்த பழைய ஓக் வேலையை அவர் தாமே பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டார்.

பல ஆண்டுகள் அவர் வெறும் ஊர்த் தச்சராகவே இருந்தார். 1919-இல் அருகிலிருந்த ஆம்பிள்ஃபோர்த் மடத்தைச் சேர்ந்த பால் நெவில் என்னும் துறவி ஓக் மரத்தில் சிலுவையொன்று செய்து தரும்படி கேட்டார். அங்கிருந்து வேலை பெருகிற்று. மடத்துக் கல்லூரியின் நூலகம், ஆலயம் என்று அவருடைய பட்டறை ஒரு தலைமுறைக் காலம் அங்கே உழைத்தது. யார்க் பேராலயத்திலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலும் அவருடைய பொருள்கள் உண்டு.

முத்திரை பிறந்த கதை சிறியது. ஆலயத் தடுப்பு ஒன்றுக்கான பெரிய உத்தர வேலையைச் செதுக்கிக்கொண்டிருந்தபோது, உடன் வேலை செய்தவர் தம் வறுமையைச் சொல்லி, கோயில் எலியைப்போல் இருக்கிறோம் என்றாராம். ஆங்கிலேயர் வழக்கில் கோயில் எலி பரம ஏழை. நம்மூரில் கோயில் எலிக்குப் பிரசாதமாவது கிடைக்கும்! தாம்ஸன் உடனே அவ்விடத்தில் ஓர் எலியைச் செதுக்கினார். பின்பு அதுவே அவருடைய அடையாளமாயிற்று. மேசைக் காலில், கிண்ணத்தின் பக்கத்தில், நாற்காலிக் கையின் கீழ் என்று எங்காவது ஓர் எலி ஊர்ந்துகொண்டிருக்கும். தொடக்க கால எலிகளுக்கு முன்னங்கால்கள் உண்டு. அவை எளிதில் முறிந்தமையால் 1930-ஐ ஒட்டி அவற்றை விட்டுவிட்டனர். காலுள்ள எலி கிடைத்தால் சேகரிப்போர் துள்ளுவதன் காரணம் இதுதான்.

1955-இல் தாம்ஸன் மறைந்தார். பேரன்மார் பட்டறையைத் தொடர்ந்தனர். அவ்வட்டாரத்து வேறு தச்சர்களும், அவர்களுள் சிலர் தாம்ஸனிடமே தொழில் பழகியவர்கள், தத்தமக்கு ஒரு முத்திரை வைத்துக்கொண்டனர். ஒருவருக்கு அணில், ஒருவருக்குக் கழுகு, இன்னொருவருக்கு நரி, மற்றொருவருக்குப் பீவர். இன்று அப்பகுதி ஏல விற்பனைகளில் இந்த விலங்குக் கூட்டத்துக்குத் தனி மதிப்பு. எலிக்கோ எல்லாவற்றினும் மிகுந்த விலை.

இங்கேதான் தொல்லை தொடங்குகிறது. விலையைத் தருவது எலி என்றால், எலியில்லாத மேசையில் எலியைச் செதுக்கிவிட ஒருவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆகவே எலியைப் பார்க்குமுன் மரத்தைப் பார்க்கவேண்டும்.

முதலாவது, அறுத்த விதம். ஓக் மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிக் கதிர்கள் செல்கின்றன. அடிமரத்தை நான்காகப் பிளந்து அந்தக் கதிர்களின் போக்கிலேயே பலகை அறுத்தால், பலகையின்மேல் வெள்ளிக் கீற்றுகள் போன்ற மின்னல்கள் தோன்றும். இவ்வாறு அறுத்தால் மரம் வீணாவது மிகுதி. ஆனால் பலகை கோணாது. மட்டமான வேலையில் இச்செலவை யாரும் செய்யார். வெளிறு நீக்கி வயிரம் கொண்டு, அங்குல கனத்துக்கு ஓராண்டு என்ற கணக்கில் திறந்த வெளியில் அடுக்கி உலர்த்துவது கில்பர்ன் வழக்கம். நான்கு அங்குலக் கால் வேண்டுமாயின் நான்காண்டு காத்திருக்கவேண்டும்.

இரண்டாவது, மேற்பரப்பு. தாம்ஸனின் மேசைப் பலகை கண்ணாடிபோல் இராது. வாய்ச்சியால் கொத்திச் சீவிய மெல்லிய அலைகள் அதில் ஓடும். உள்ளங்கையால் தடவினால் கண்ணுக்குத் தப்பிய அலையும் தெரியும். நம் தச்சர்கள் வாய்ச்சியை மரத்தை முரட்டாகச் சீவப் பயன்படுத்துவர். அங்கே அதுவே முடிப்பு வேலைக்கும் கருவியாயிற்று. இயந்திரமும் இதுபோல் அலை போடக்கூடும். ஆனால் கை போட்ட அலைகள் ஒன்றையொன்று ஒத்திரா.

மூன்றாவது, நிறம். டானின் இங்கே வருகிறது. மூடிய அறையில் அம்மோனியா ஆவி சூழ வைத்தால், மரத்திலுள்ள டானினோடு அது கலந்து மரம் உள்ளுக்குள்ளேயே பழுப்பாகிறது. மேலே பூசிய சாயம் சுரண்டினால் போகும். இது அவ்வளவு எளிதில் போகாது. இதே டானின் ஈரத்தில் இரும்பைத் தொட்டால் கருநீலக் கறை உண்டாகும். மாசிக்காயையும் அன்னபேதியையும் கலந்து முன்னோர் மை காய்ச்சியது இந்த வேதியியலைக் கொண்டுதான். ஆகவே முந்நூறாண்டுப் பெட்டி என்று சொல்லி, அதிலுள்ள இரும்பாணியைச் சுற்றிக் கறையே இல்லையெனில், ஆணிக்கோ பெட்டிக்கோ வயது குறைவு என்று ஐயுறலாம்.

பழைய பெட்டிகளுக்கு இன்னும் நல்ல சோதனை ஒன்று உண்டு. 17-ஆம் நூற்றாண்டுத் தச்சர், ஒரு கட்டையின் முனையைக் கழுந்தாகச் சீவி, மற்றக் கட்டையில் தோண்டிய துளையில் செலுத்தி, குறுக்கே மர முளை அடித்து இறுக்கினர். மரம் குறுக்கே சுருங்குமளவு நெடுக்கே சுருங்குவதில்லை. ஆகவே நூற்றாண்டுகள் செல்லச் செல்ல, சுற்றியுள்ள கட்டை சுருங்கிவிட, முளையின் தலை சற்றே துருத்தி நிற்கும். வட்ட மேசையும் அவ்வாறே. அளவுகோலை நெடுக்கே வைத்தும் குறுக்கே வைத்தும் பாருங்கள். பழைய வட்டம் முழு வட்டமாக இராது. வட்டத்தைக் கெடுக்கும் பொறுமை காலத்துக்குத்தான் உண்டு.

செதுக்கு வேலையை நம்பி ஏமாறுவதும் பெருவழக்கு. 19-ஆம் நூற்றாண்டில் பழமையின்மேல் மோகம் பிறந்தபோது, வெறுமையாயிருந்த உண்மையான பழம்பெட்டிகளின்மேல் புதிதாகப் பூவும் கொடியும் ஆண்டும் செதுக்கிவிட்டனர். பெட்டி பழையது, பூ புதியது. இத்தகைய பெட்டிக்கு அறிந்தவர் குறைந்த விலை தருவர். அழகு கூட்டியதாக எண்ணி அவ்வேலை செய்தவர் இதைக் கேட்டால் திகைத்துப் போவார். என்னைக் கேட்டால், செதுக்கே இல்லாத அந்த வெறும் பெட்டியைத்தான் எலியுள்ள புதுக் கிண்ணத்தைக் காட்டிலும் விரும்புவேன்.

இனி எலியைப் பார்க்கலாம். உண்மையான எலி அதே கட்டையிலிருந்து செதுக்கி எடுத்தது. பலகையின் ரேகை எலியின் உடலுக்குள்ளும் தொடர்ந்து ஓடவேண்டும். ரேகை திசை மாறினாலோ ஒட்டுக் கோடு தெரிந்தாலோ வாங்க வேண்டா. சுற்றிலுமுள்ள மரம் மங்கியிருக்க, எலி மட்டும் பளிச்சென்றிருந்தாலும் ஐயுறவேண்டும்.

எல்லாம் சரியாயிருந்தும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: பொருள் எங்கிருந்து வந்தது? தாம்ஸனின் பட்டறை பெரிதும் ஆலயங்களுக்கும் பள்ளிகளுக்கும் உழைத்தது. இங்கிலாந்தில் ஆலயங்கள் பல மூடப்படுகின்றன. அவற்றின் இருக்கைகள் கடைக்கு வருகின்றன. இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயப் பொருளை விற்க மறைமாவட்டத்தின் முறையான அனுமதி வேண்டும். அந்தத் தாளைக் காட்டமுடியாதவரிடம் வாங்குவது, எலி எவ்வளவு அழகாயிருந்தாலும், ஒருவகைத் திருட்டுக்குத் துணை போவதாகலாம். அன்றியும், பாடகர் வரிசையில் இருபது இருக்கைகளுள் ஒன்றாக நின்ற நாற்காலி, வரவேற்பறை மூலையில் தனித்து நிற்கும்போது பாதி ஊமையாகிவிடுகிறது.

எலி தாம்ஸனின் கையெழுத்து என்று பலர் எண்ணுகின்றனர். அது பட்டறையின் முத்திரை. பொருளைச் செய்த தச்சரே எலியையும் செதுக்குவது அங்கே வழக்கம். ஆகவே ஒருவர் எலிக்குக் காது நீளும், ஒருவர் எலிக்கு முகம் பருக்கும், ஒருவருடைய வால் நெளிந்து போகும். பழகிய கண்ணுடையோர் இன்று வாலையும் காதையும் ஒப்பிட்டு, இது இன்னார் கை என்று பிரித்துச் சொல்ல முயல்கின்றனர். சில கைகளுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. மற்றவை, ரிப்பன் யானையைச் செதுக்கிய கையைப்போல், எலியாக மட்டும் இருக்கின்றன.